மேல்வரும்படியும் சொந்த வீடும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நமது செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, மேல்வரும்படி என்னும் பொருள்பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்று கேட்டபோது, உள்ளே இருந்த என் மனைவி திடுக்கிட்டு எட்டிப் பார்த்தாள். நம்மவர் வழக்கில் சம்பளத்துக்குப் பக்கத்திலே கிம்பளம் என்றொரு சொல் உண்டல்லவா? மேல்வரும்படி என்றால் மேசைக்குக் கீழே வாங்குவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்தக் கலையில் எனக்குத் தேர்ச்சி இல்லை. ஐம்பது ஆண்டு பிறர் கணக்கை எழுதியவன் நான். கிம்பளம் எந்தப் பக்கத்தில் எந்தப் பெயரில் மறைகிறது என்பது மாத்திரம் தெரியும். நான் பேச வந்தது வேறு. வேலை முடிந்த பின், ஓய்வு நேரத்தில், நேர்மையாகக் கைவருந்திச் சம்பாதிக்கும் காசு ஒரு வீடாக மாறுவது எப்படி, மாறாமற் போவது எப்படி என்பதே அது.

மாறாமற் போனதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் மக்கள் மேல்வரும்படி தேடாத காலமே இருந்ததில்லை.

நான் 1952ஆம் ஆண்டு தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அப்பா என் ஏழாம் வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். வாரத்தில் ஆறு நாள் பெரட்டுக் களத்தில் நின்று பேர் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக் கொழுந்து எடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நகரத்தில் பிறந்த தம்பிமாருக்காகச் சொல்கிறேன். நாட்கூலிக் கணக்கில் சேராமல், நிறுத்த நிறைக்கு ஏற்றபடி தனியாகக் கொடுக்கும் காசுக்குக் கைக்காசு என்று பெயர். அதுவும் போதாமல் லயத்துக்குப் பின்னால் ஒரு பசு வைத்திருந்தாள். விடியற்காலை பால் கறந்து விற்றுவிட்டு மலைக்கு ஏறுவாள். மாலையில் இறங்கும்போது தலையில் புல்லுக்கட்டு இருக்கும். சாணத்தைக் கொண்டு வாய்க்காலோரத்தில் போஞ்சியும் கீரையும் போட்டாள். இப்பொழுது நிபுணர்கள் வந்து குடும்பத்துக்குப் பல வருமான வழிகள் வேண்டும் என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். கையொப்பமிடத் தெரியாத என் தாய்க்கு அந்நாளிலேயே மூன்று வழிகள் இருந்தன.

அப்படியானால் அவளுக்கு ஏன் ஒரு வீடு இல்லை? அவள் ஊதாரியா? எங்கள் லயத்திலிருந்த இருபத்துநான்கு குடும்பமும் ஊதாரிகளா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வது, பசித்தவனுக்கு உபவாசத்தின் மகிமையைக் கூறுவது போலாகும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிடத் தொடங்கினார். கோப்பித் தோட்டங்களோ அதற்கு முன்பே இந்தக் கண்டி மலைகளை நிறைத்திருந்தன. அந்தக் காலந்தொட்டு நம்மவர் குடியிருந்த காம்பரா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் காம்பராவும் போகும். 1921ஆம் ஆண்டுவரை துண்டு என்றொரு முறை இருந்தது. கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய காகிதம் அது. அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. அவ்வாண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, நம்மவரிற் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதாராக ஆக்கிற்று. அதன்மேல், 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பிரசையல்லாதார் காணி வாங்கினால் காணியின் பெறுமதி எவ்வளவோ அவ்வளவையும் வரியாகக் கட்ட வேண்டுமென்று விதித்தது. ஆயிரம் ரூபாக் காணிக்கு ஆயிரம் ரூபா வரி!

இப்போது கணக்கைப் பாருங்கள். கைக்காசு உண்டு, பால்காசு உண்டு, கீரைக்காசு உண்டு. போட்டு வைக்க மண் இல்லை. மண்ணில் போட முடியாத காசு எங்கே போகும்? பொன்னிலே போகும். பொன் அடகுக் கடைக்குப் போகும். அங்கே வட்டியில் கரைந்து, கடைசியில் மூழ்கிப் போகும். நம் தாய்மார் நகைப் பித்துப் பிடித்தவர்கள் என்று ஏளனஞ் செய்வோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வாய்த்த வங்கி கழுத்திலும் காதிலுந்தான் இருந்தது. 1974இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி கிடந்தோமே, அந்த ஆண்டில் எங்கள் அம்மாவின் தோடு முதலில் போயிற்று; பிறகு பசு போயிற்று.

நான் அதற்கு மூன்று ஆண்டு முன்பே கண்டிக்கு வந்துவிட்டேன். கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதும் வேலை. இரவில் கடை மாடியிலேயே படுக்கை. கடை மூடிய பின் பக்கத்துச் சிறு கடைகள் மூன்றுக்குக் கணக்கெழுதிக் கொடுத்தேன். கடைக்குப் பதினைந்து ரூபா. ஆக மாதம் நாற்பத்தைந்து. அதை முதலாளியிடமே கொடுத்து வைப்பேன். அக்காலக் கடைச் சிப்பந்திகள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பிரசாவுரிமை இல்லாத எனக்குக் காணி வாங்கும் வழியும் இல்லை. முதலாளியின் பேரேட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது, அது போதுமென்று நினைத்தேன். பன்னிரண்டு ஆண்டில் அந்தப் பக்கத்தில் ஒன்பதாயிரம் ரூபாவுக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. அந்தத் தொகையை என் கையாலேயே கூட்டி எழுதினேன் என்பதால் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

1983 ஜூலையில் கடை எரிந்தது. பேரேடும் எரிந்தது. முதலாளி உடுத்த துணியோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போனார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவரிடமே ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மனம் ஆறுவதில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

மூன்றாம் நாள் நடந்தும் லொறியில் தொற்றியும் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் அழவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். தபால் கந்தோரில் போட்டுவந்த சேமிப்புப் புத்தகம். (பழைய தபால் சேமிப்பு வங்கியும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்துதான் 1972இல் தேசிய சேமிப்பு வங்கி ஆயிற்று.) பசு போன பிறகும் கீரைக்காசில் ஐந்தும் பத்துமாகப் போட்டிருக்கிறாள். ஆயிரத்து நூற்று நாற்பது ரூபா. கைநாட்டு வைத்துப் போட்ட காசு! கணக்குப் படித்த மகனின் ஒன்பதாயிரம் சாம்பலாயிற்று. படிக்காத தாயின் ஆயிரத்துச் சொச்சம் நின்றது. காரணம் ஒன்றுதான், அது அவள் பேரில் இருந்தது. என் காசோ வேறொருவர் ஏட்டில் என் பெயரைத் தாங்கி இருந்தது. இரண்டும் ஒன்றென்று பன்னிரண்டு ஆண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாலிப அன்பர்களே, இன்று உங்களுக்கு உள்ள வழிகள் எங்களுக்கு இருந்தவற்றைவிடப் பல. டியூசன் வகுப்பு எடுக்கிறீர்கள், ஓட்டோ ஓடுகிறீர்கள், கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டே வெளிநாட்டானுக்கு வேலை செய்து கொடுக்கிறீர்கள். வீட்டில் ஓர் அறை மிச்சமிருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைப் போடிங் வைக்கலாம். பெரஹரா நாட்களில் கண்டியில் பாய் விரிக்கும் இடத்துக்குக்கூட விலை உண்டு. நாலு மரம் நிற்கும் வளவென்றால் மிளகு ஏற்றுங்கள். மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பச்சையாக விற்றுவிடாதீர்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும்; காய்ந்ததைச் சாக்கில் கட்டி வைத்தால் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். பச்சைக்குப் பொறுமை கிடையாது, வியாபாரி சொன்னதே விலை.

வழி எதுவாயினும் எனக்குக் கவலையில்லை. அந்தக் காசு வீட்டுச் செலவுக் காசோடு ஒரு நாளாவது கலந்தால்தான் கவலை. கலந்த காசைப் பிரித்தவரை நான் கண்டதில்லை. சம்பளம் உயர்ந்தால் செலவும் கூடவே எழுந்து நிற்கும். மேல்வரும்படி கைக்கு வந்த அன்றே அதற்கென்று வைத்த தனிப் புத்தகத்துக்குப் போக வேண்டும். சீட்டுக் கட்டலாமா என்று கேட்பீர்கள். தெரிந்த பத்துப்பேர் சேர்ந்து, மாதந்தோறும் ஒருவர் எடுக்கும் குலுக்கல் சீட்டு கெட்டதன்று. எத்தனையோ வீட்டுக் கூரைகள் சீட்டில் ஏறியிருக்கின்றன. ஆனால் எடுத்த பிறகு கட்டாமல் விடுகிறவன் எல்லாச் சீட்டிலும் ஒருவன் இருப்பான். அந்த நட்டத்தைத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் கட்டுங்கள்.

ஒருவர் இருவரைச் சேர்த்தால், இருவர் நால்வரைச் சேர்த்தால் மாதம் இலட்சம் என்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவாரும் உளர். கண்டி விடுதி மண்டபங்களில் அவர்களுடைய கூட்டங்களுக்கு நம் பிள்ளைகள் போவதை நான் கண்ணாற் கண்டேன். பிரமிட் திட்டம் நடத்துவதும், அதில் ஆட்களைச் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இந்நாட்டில் குற்றம். மத்திய வங்கி அதுபற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பொருளில்லாமல், உழைப்பில்லாமல், ஆள் சேர்ப்பதால் மட்டும் வருவது மேல்வரும்படியன்று. பின்னால் வருபவனின் சேமிப்பு.

இனி உண்மைக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாயிற்று, 2024இல் 1350. அந்தக் குடும்பத்தில் ஒருத்தி, கைக்காசிலிருந்து நாளொன்றுக்கு நூறு ரூபா ஒதுக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 2,600. ஆண்டுக்கு 31,200. பத்து ஆண்டுக்கு 312,000, வட்டி தனி. இதைக் கொண்டு காணியும் வாங்கி வீடும் கட்ட முடியுமா? முடியாது. முடியுமென்று சொன்னால் நான் பொய்யன். விலைவாசியும் சும்மா இருப்பதில்லை. 2022இல் பணவீக்கம் எழுபது சதவீதத்தை எட்டிற்று. முந்திய ஆண்டு ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டிற்று. ஆகையால் சிக்கனமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால் காணி இருந்தால்? ஏழு பேர்ச் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி, அவள் பெயரில் உறுதியோடு இருந்தால், அதே பணம் அத்திவாரமும் சுவருமாகும். இந்திய உதவியோடு மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்று ஒரு திட்டம் வந்ததல்லவா? அதில் வீட்டைவிடப் பெரிய சங்கதி அந்த ஏழு பேர்ச்தான் என்பது என் கட்சி. கட்டித் தந்த வீட்டைப் பலரும் புகழ்கிறார்கள்; காணி உறுதி கைக்கு வந்ததா என்று கேட்பவர் குறைவு. நம் சங்கத்து வாலிபர்கள் தங்கள் உறவினருக்காக அதைக் கேட்க வேண்டும். பேர்ச் பேர்ச்சாகக் கேட்க வேண்டும்.

நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு எட்டு, முதலாளி பங்கு பன்னிரண்டு, ஆக நூற்றுக்கு இருபது மாதந்தோறும் சேர்கிறது. பத்தாண்டு கடந்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்காக அதில் நூற்றுக்கு முப்பதை ஓய்வுக்கு முன்னரே எடுக்கச் சட்டம் இடந்தருகிறது. முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று ஆண்டுக்கொருமுறை பாருங்கள். கட்டாமல் விட்டவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையை விட்ட அன்றுதான் பையன்களுக்குத் தெரியவரும்.

என் கதையின் மிச்சத்தையும் கூறி முடிக்கிறேன். 1985இல் எனக்கு விவாகமாயிற்று. மனைவி ஒரு தையல் இயந்திரத்தோடு வந்தாள். சட்டை தைத்துக் கொடுப்பாள். நான் இரவில் மீண்டும் கடைக் கணக்குகளை எடுத்தேன். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு பிரசாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தது. 1991இல் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் எட்டுப் பேர்ச் காணி பேசினோம். நொத்தாரிசு "யார் பெயரில் எழுத?" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி கைப்பையிலிருந்து ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆறு ஆண்டுத் தையல் காசு தேதிவாரியாக எழுதியிருந்தது. கூட்டிப் பார்த்தேன், காணி விலையில் பாதிக்கு மேல் அவளுடையது. கணக்கப்பிள்ளையால் கணக்கோடு வாதாட முடியுமா? உறுதி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. இங்கிருக்கும் பெரியோர்களில் சிலர் முகஞ் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள், ஆனால் வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

காணியை வாங்குமுன் முப்பது ஆண்டு உரித்தைக் காணிப் பதிவகத்தில் தேடச் சொன்னேன். அது கணக்கெழுதுபவன் புத்தி. ஆனால் பின்மேட்டைப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நம் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது, எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு நாலடி தூரத்தில் மண் வந்து நின்றது. நாலடி! ஆறாண்டுச் சேமிப்பும் ஆறாண்டுக் கட்டிடமும் முப்பது ஆண்டு வாழ்வும் அந்த நாலடிக்குள் இருந்தன. அன்றிரவு எத்தனை குடும்பங்களுக்கு அந்த நாலடியும் கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. மலிவாகக் காணி கிடைக்கிறதென்று சரிவில் முன்பணம் கொடுக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெற்ற பிறகே பணப்பையைத் திறவுங்கள்.

வீடு ஒரே நாளில் எழவில்லை. 1993இல் அத்திவாரம், 1995இல் சுவர், 1997இல் கூரை. காசு சேரச் சேரக் கட்டினோம். அதற்கு நான் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. என் மூத்த மகள் பாலர் வகுப்பில் வீட்டுப் படம் வரைந்தபோது அம்மாவையும் தம்பியையும் வரைந்து, என்னை வரையவில்லை. ஆசிரியை கேட்டதற்கு, "அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்" என்றாளாம். நான் நாள்தோறும் அதே வீட்டில்தான் படுத்தேன். அவள் தூங்கிய பிறகு வந்தேன், எழுமுன் போனேன். அதைக் கேட்ட அன்று மூன்று கடைகளில் ஒன்றை விட்டேன். கூரை ஓராண்டு தாமதித்தது. தாமதிக்கட்டும்.

அத்திவாரம் போட்ட வாரம் அம்மாவைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்தேன். அவள் ஒவ்வோர் அறையாகக் காலால் அளந்து நடந்தாள். அத்திவாரத்தில் பார்த்தால் எந்த வீடும் சிறிதாகத்தான் தோன்றும். பாஸ்மாரைக் கேளுங்கள், அவர்களும் அதையே சொல்வார்கள். "என்னப்பா இது, காம்பராவவிடச் சின்னதா இருக்கு?" என்று சிரித்தாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, "இது யாரு பேருல இருக்கு?" என்றாள். சொன்னேன். உறுதியை எடுத்துவரச் சொல்லி, வாசிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தை மடியில் விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை ஏறுமுன், 1996இல், லயத்திலேயே கண்ணை மூடினாள்.

தம்பிமாரே, தங்கைமாரே, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலு மணிக்குமேல் நான் இந்த மண்டபத்தில் இருப்பேன். சேமிப்புப் புத்தகம், சீட்டுக் கணக்கு, காணி உறுதியின் பிரதி, எதுவாயினும் கொண்டு வாருங்கள். இருந்து பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். என் கண்ணாடியின் நம்பர் ஏறிவிட்டது. ஆகவே எழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுதி வாருங்கள்.